அழுது போன கண் அல்ல

என் தாத்தா றம்லத்தின் வலது கண் அழுது அழுதுதான் போனது என்று கம்பளையில் யாராவது உங்களிடம் சொன்னால், அவர்களை என்னிடம் அனுப்பி வையுங்கள். நான் மஸீனா. கண்டியில் புடவைக் கடை வைத்திருப்பவரின் மனைவி. வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர் எடுத்தவள். எடுத்த பெயரைக் காப்பாற்ற வேண்டாமா?

எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். வெளியூர்க்காரர் கேட்டால் கிழவனைத் தேடுவார்கள். தேடட்டும். றம்லத் தாத்தா கிழவனுமில்லை, கிழவியுமில்லை. அறுபதை எட்டிப் பிடிக்கிற வயதில், கம்பளையிலிருந்து கண்டிக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தடித்த கண்ணாடி. கிட்டப் பார்வை இல்லை, தூரப்பார்வை. அந்தக் கண்ணாடிக்குள் அவளுடைய கண்கள் இரண்டு மடங்காகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் “முழியாங்கண்ணி” என்று கூப்பிட்ட ஒருத்தியின் தலைமுடியை இவள் பிடித்த பிடியில், அதற்குப் பிறகு ஒருத்தரும் கூப்பிடவில்லை. எங்கள் உம்மாவுக்கும் அதே கண்ணாடி, எனக்கும் அதே கண்ணாடி. குடும்பத்துச் சொத்து என்று சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

வேன் அவளுடைய கணவர் இப்திகார் மச்சானுடையது. அவருக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் செய்த பிறகு ஸ்டியரிங் பிடிக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வேனை விற்கலாமா என்று மச்சான் யோசித்துக்கொண்டிருந்தபோதே இவள் போய் ஓட்டப் பழகி, லைசன்ஸும் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். ஊர் சும்மா இருக்குமா? அபாயா போட்ட பொம்பிளை வேன் ஓட்டுவதா, அபாயா பெடலில் மாட்டினால் என்ன ஆகும் என்று ஒரு மாமி கேட்டாள். “அபாயா மாட்டாது மாமி. ஒங்கட வாய்தான் மாட்டும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாள் இவள்.

கடைசிப் பிள்ளை உட்கார்ந்து பையை மடியில் வைக்கும் வரை வேனை நகர்த்த மாட்டாள். ஒருநாள் கெலிஓயாவில் பின்னால் நின்ற பஸ்காரன் விடாமல் ஹோர்ன் அடித்தான். இவள் இறங்கிப் போய், “மல்லி” என்று சிங்களத்தில் தம்பி முறை வைத்துக் கூப்பிட்டு, இப்படி அடித்தால் உள்ளே இருக்கும் பிள்ளைகள் சீக்கிரம் வளர்ந்துவிடுவார்களா என்று கேட்டாளாம். அன்றிலிருந்து அந்த பஸ்காரன் அவளைக் கண்டால் கை காட்டிவிட்டுத்தான் போவான். இதுதான் என் தாத்தா. ஒரு மூலையில் உட்கார்ந்து அழுது கண்ணைத் தொலைக்கிற ஆளா இவள்?

இப்திகார் மச்சான் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து வந்து, சோறு தின்று, சற்றுச் சாய்ந்தவர் எழும்பவில்லை. தாத்தா இத்தா இருந்தாள். கணவன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்களுக்கு முன்னால் வரக் கூடாது, அலங்காரம் கூடாது. மார்க்கம் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை எல்லாம் எங்கள் பெண்கள் சேர்த்தார்கள். உம்மாவிடமிருந்து தாத்தாவுக்கு வந்த வீட்டின் பின்னறையைக் கொடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஆண்கள் வேலை செய்கிற மரப்பட்டறை என்பதால், திரைக்கு மேல் இன்னொரு திரை. பகலிலும் அங்கே ஒரு மங்கல் பல்புதான் எரிந்தது.

காவலுக்கு வந்தவர் மச்சானின் மூத்த சகோதரி பஸீஹா மதினி. தெல்தோட்டையிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார். கெட்ட மனுஷி என்று சொல்ல மாட்டேன். தம்பி மேல் உயிர். “எங்கட தம்பிக்காக இவ ஒழுங்கா இத்தா இருந்தா என்டு நாளைக்கு நாலு பேர் செல்லணும்” என்பது அவருடைய பேச்சு. அந்த நாலு பேர் யார் என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பட்டறையின் மரத்தூளும் சாம்பிராணிப் புகையும் அந்த அறைக்குள் அடைந்து தாத்தாவுக்கு ஓயாத தும்மல். மதினியின் மகன் அகீல் ஒரு பாமசியில் வேலை செய்கிறவன். தும்மலுக்குக் குளிசை கொண்டு வந்து கொடுத்தான். அவள் காலை, பகல், இரவு என்று விழுங்கினாள். நித்திரை வரவில்லை என்றதும் மதினி தன்னுடைய மருந்துப் பையைத் திறந்தார். கால் நரம்பு வலிக்கு டொக்டர் தமக்குக் கொடுத்த குளிசையில் ஒன்று எடுத்து, “இதப் போடுங்க, எனக்கு நல்லா நித்திரை வருது” என்று நீட்டினார். எங்கள் வீடுகளில் இது அன்பின் அடையாளம். கறிப் பாத்திரம் கொடுத்து வாங்குகிற மாதிரி குளிசையும் கொடுத்து வாங்குவோம். ஒருவருக்கு நல்லது செய்தால் எல்லாருக்கும் நல்லது செய்யும் என்று நினைப்பு.

தாத்தா அந்த மங்கல் வெளிச்சத்தில் தலையைக் குனிந்து ஓதிக்கொண்டே இருப்பாள். சில நாட்களில், பொழுது சாய்கிற நேரத்தில், வலது புருவத்துக்கு மேல் வலிக்கிறது என்றாள். பல்பைச் சுற்றி வானவில் மாதிரி நிறம் நிறமாக வட்டம் தெரிகிறது என்றாள். படுத்து எழும்பினால் இரண்டும் போய்விடும். மதினி அதையும் தீர்த்து வைத்தார். “அழுற கண்ணுக்கு வானவில்லும் தெரியும், நட்சத்திரமும் தெரியும்.”

பிறகு அந்த வியாழக்கிழமை வந்தது. பகலிலேயே இருட்டிக்கொண்டு பெய்த மழை, கம்பளை முழுக்கக் கரண்ட் இல்லை. பின்னறையில் ஒரு மெழுகுதிரி. தாத்தாவின் வலது கண்ணுக்குள் ஆணி இறக்குகிற மாதிரி வலி பிடித்து, பாதித் தலை முழுக்கப் பரவி, குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வந்தது. வாந்தி என்றதும் எல்லாரும் வயிற்றைப் பார்த்தார்கள். பித்தம் என்றார்கள், வெறும் வயிற்றில் இருந்தது என்றார்கள். அகீல் வயிற்றுப் பிடிப்புக்கு ஒரு குளிசை கொண்டு வந்தான், அதுவும் உள்ளே போனது. கண் சிவந்திருப்பதைக் கண்டவர்கள், “அழாதீங்க றம்லத், அவருக்கு வேதனையாகும்” என்று முதுகைத் தடவினார்கள். அவள் அப்போது அழவே இல்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் எனக்கு ஃபோன் வந்தது.

“மஸீனா, எனக்கி வலப்பக்கம் ஒண்டும் வெளங்குதில்ல. வெள்ளப் புகை மாதிரி இரிக்கி. நீ வா. வந்து என்னோட சண்ட புடிக்காம, எனக்காகச் சண்ட புடி.”

இப்படி ஒரு அழைப்பு என் வாழ்க்கையில் வந்ததில்லை. கடையில் விரித்த துணியை மடிக்காமல் அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது தாத்தா சுவரில் தலையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். திரை இரண்டையும் இழுத்து விலக்கினேன். பஸீஹா மதினி “யா அல்லாஹ்!” என்று கத்தினார். வெளிச்சத்தில் பார்த்தேன். வெள்ளை விழி இரத்தமாகச் சிவந்திருந்தது. கருவிழிக்கு மேல் ஆவி படிந்த மாதிரி ஒரு மங்கல். ஃபோன் லைட்டை அடித்தேன், இடது கண்ணின் மணி சுருங்கியது, வலது கண்ணின் மணி விரிந்தபடியே நின்றது. எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் அழுத கண் எப்படி இருக்கும் என்று தெரியும். இது அது இல்லை.

“எழும்புங்க தாத்தா, ஆஸ்பத்திரிக்குப் போறம்.”

மதினி கதவை மறித்துக்கொண்டு நின்றார். “இத்தாவில இரிக்கிற பொம்புள. கண்டிக்கி, ஆம்புள டொக்டர்ட முன்னால போறதா? கொஞ்ச நாள்தானே இரிக்கி. முடியட்டும், நானே கூட்டிப் போறேன்.”

“முடியிறதுக்குள்ள கண் முடிஞ்சிரும் மதினி!”

“கண்ணீர் வத்தினா எல்லாம் சரியாகும்.”

நான் வாயைத் திறக்கப் போனேன். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே பயம். அதற்குள் தாத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிட்டாள். அபாயாவைப் போட்டாள், முகத்தை மூடினாள். ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே கதவு வரைக்கும் வந்தாள்.

“மதினி, தேவைக்கு வெளிய போகலாம் என்டு எனக்கித் தெரியும். ஒங்களுக்குச் சந்தேகம் என்டா மௌலவிக்கு ஃபோன் எடுங்க. எடுத்துட்டே வழிய விடுங்க. நான் நிக்க மாட்டேன்.”

மதினி உண்மையிலேயே எடுத்தார். மௌலவி தடுப்பார் என்று நம்பித்தான் எடுத்தார். சத்தமாகக் கேட்கும்படி போட்டதுதான் அவர் செய்த பிழை.

“இன்னும் வீட்டிலயா வெச்சிக்கொண்டிரிக்கிறீங்க?” என்று மௌலவியின் குரல் வெடித்தது. “நோயாளிய வெச்சிக்கொண்டு எனக்கிட்டக் கேள்வி கேட்டுக்கொண்டு! ஒடன கூட்டிப் போங்க! இத்தா என்டா செறையா?”

மதினி ஃபோனைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கினார். முகம் சுருங்கிப் போனது. பாவமாகத்தான் இருந்தது, ஆனால் பாவப்பட எனக்கு நேரமில்லை.

இத்தாக் காலத்தில் வேனை ஓட்டியவர் ஜீவன். தெல்தோட்டைத் தோட்டத்து ஆள், நிதானமான டிரைவர். வேனை வாசலில் கொண்டு வந்து ஒட்டி நிறுத்திவிட்டு, தாத்தா ஏறும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். உள்ளே ஏறியதும் தாத்தா, “ஜீவன், நீங்க ரோட்டப் பாருங்க. நான் எப்பிடியும் கண்ண மூடித்தான் இரிக்கேன்” என்றாள். அந்த வலியிலும்!

“படுத்துக்கங்கம்மா, குலுங்காம போறேன்” என்றார் ஜீவன்.

“குலுங்கினாலும் பரவாயில்ல, கெதியாப் போங்க. பேராதனைல நெரிசல் என்டா உள்ரோட்டால விடுங்க.” கண்ணைத் திறக்க முடியாத நிலையிலும் பாதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். இடையிடையே பையைப் பிடித்து வாந்தி எடுத்தாள். வாந்தி நின்றதும் திரும்பவும் பாதை சொன்னாள்.

கண்டி ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் எங்களைப் பார்த்தது ஒரு பெண் டொக்டர், லோஜினி என்று பெயர். யாழ்ப்பாணத்துக்காரி. கருவியில் தாத்தாவின் கண்ணைப் பார்த்த உடனேயே அவருடைய பேச்சு வேகமாகிவிட்டது. தாதியிடம் சேலைன் கேட்டார், ஊசி கேட்டார், சொட்டு மருந்து கேட்டார். கண்ணுக்குள் அமுக்கம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறதாம்.

“என்ன குளிசை எடுத்தனீங்கள்? எல்லாத்தையும் சொல்லுங்கோ.”

நான் வரும்போது அந்த அறையில் கிடந்த குளிசைத் தாள்களை எல்லாம் கைப்பையில் வாரிப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். மேசையில் கொட்டினேன். தும்மல் குளிசை, மதினியின் நரம்புக் குளிசை, வயிற்றுப் பிடிப்புக் குளிசை. டொக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“இது ஒண்டும் நஞ்சு இல்லை. கனபேர் போடுறவை, ஒண்டும் செய்யாது. ஆனா உங்கட அக்கான்ர கண் வேற மாதிரி. கண்ணுக்குள்ள ஒரு தண்ணி ஊறிக்கொண்டே இருக்கும். அது வடியிறதுக்கு ஓரத்தில ஒரு வழி இருக்கு. தூரப்பார்வைக்காரருக்குக் கண் சின்னன், அந்த வழியும் ஒடுக்கம். பொம்பிளையளுக்கு இன்னும் ஒடுக்கம். வயசு போகப் போக உள்ளுக்க இருக்கிற வில்லை தடிச்சு இன்னும் நெருக்கும். இருட்டில இருந்தா கண்மணி விரியும். இந்தக் குளிசையளும் அதைத்தான் செய்யும். விரியேக்க வழி அடைபட்டுப் போகும். பிறகு தண்ணி போக இடமில்லை. அமுக்கம் ஏறி நரம்பைச் சாக்கொல்லும்.”

எனக்கு ஒவ்வொரு சொல்லும் அந்தப் பின்னறையைக் காட்டியது. இரண்டு திரை, மங்கல் பல்பு, குனிந்த தலை, அன்போடு நீட்டிய குளிசை.

“குடும்பத்தில வேற ஆருக்கும் இப்பிடிக் கண் போனதோ?” என்று கேட்டார்.

“இல்ல டொக்டர்” என்றேன். பிறகு, வாய் தானாகவே பழகிய பழக்கத்தில் சொன்னேன். “எங்கட உம்மாக்கு மட்டும் ஒரு கண் இல்லாம இருந்திச்சி. அது வருத்தம் இல்ல. வாப்பா மௌத்தான நேரம் அழுது அழுது போனது.”

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அழுது இந்த வருத்தம் வராது அம்மா. உங்கட அம்மா அந்த நேரம் எங்க இருந்தவ?”

கட்டிலில் கிடந்த தாத்தா பதில் சொன்னாள். “இத்தாவில. அதே அறையில.”

நாங்கள் அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லி வளர்ந்தவர்கள். கலியாண வீடுகளில் பெரியவர்கள் எங்கள் உம்மாவைக் காட்டி, “புருஷன்ட பாசத்தில கண்ணக் குடுத்தவ” என்பார்கள். உம்மாவும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு கண்ணை ஒரு இருட்டறையில் தொலைத்துவிட்டு, அதற்குக் கிடைத்த புகழை மௌத்தாகும் வரை சுமந்தார். எனக்கு அந்த இடத்தில் அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. யாரைப் பிடித்து உலுக்குவது என்று தெரியாத ஆத்திரம்.

அன்று பின்னேரத்துக்குள் அமுக்கம் இறங்கியது, வலியும் இறங்கியது. கருவிழி தெளிந்த பிறகு லேசரால் ஒரு சின்னத் துளை போட்டார்கள், தண்ணீருக்கு இன்னொரு வழி. ஆனால் ஒரு இரவும் ஒரு காலையும் வீணாகப் போனதில் நரம்பு அடிபட்டுவிட்டது. வலி வந்த அன்றே, வாந்தி தொடங்கிய அந்த நேரத்திலேயே, கொண்டு வந்திருந்தால் கதை வேறு என்றார் டொக்டர். இப்போது அந்தக் கண்ணுக்கு ஆள் அசைவது தெரியும், ஆள் யாரென்று தெரியாது.

இடது கண்ணும் அதே மாதிரிக் கண்தான், என்றைக்காவது அதுவும் அடைபடலாம், அதற்கும் முன்கூட்டியே துளை போட்டுவிடுவது நல்லது என்று சொன்னார்கள். சோற்றுப் பார்சலோடு வந்த பஸீஹா மதினி இதைக் கேட்டுவிட்டுத் தாத்தாவின் கையைப் பிடித்தார். “அது நல்லாத்தானே இரிக்கி றம்லத். வீட்டுக்குப் போவம். இத்தா முடிய வந்து பாத்துக்குவம்.”

தாத்தா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. பிடித்த கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

“மதினி, ஒங்கட தம்பிக்காக நான் இத்தா இருப்பேன், ஒரு நாள் கொறைய மாட்டேன். குருடியா இருக்க மாட்டேன். இந்தக் கண்ணுக்கும் செஞ்சிட்டுத்தான் இந்தக் கட்டிலால எறங்குவேன்.”

செய்துவிட்டுத்தான் இறங்கினாள். வீட்டுக்கு வந்து மிச்ச இத்தாவை முன்னறையில், பகல் வெளிச்சத்தில், தும்மல் குளிசை இல்லாமல் ஒழுங்காக இருந்து முடித்தாள். மதினியின் நரம்புக் குளிசை மதினிக்கே திரும்பிப் போனது. அவருக்குக் கொடுத்த டொக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம், இனி ஒருத்தருக்கும் கொடுக்கவும் வேண்டாம் என்று தாத்தா சொல்லி அனுப்பினாள். வேன் விஷயத்தில் யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டி வரவில்லை. “ஊருப் புள்ளைகள ஏத்திக்கொண்டு ஒத்தக் கண்ணோட ஓட்ட மாட்டேன்” என்று சாவியை ஜீவனிடம் கொடுத்தாள். இப்போது முன் சீட்டில் உட்கார்ந்து போகிறாள். கடைசிப் பிள்ளை உட்காரும்வரை ஜீவன் வேனை எடுத்துப் பார்க்கட்டும்!

இத்தா முடிந்த அன்று வீடு நிறையப் பெண்கள் வந்தார்கள். ஒரு மாமி தாத்தாவின் கன்னத்தைத் தடவி, “உம்மா மாதிரியே மகளும். மாப்பிள்ளைக்காகக் கண்ணக் குடுத்திட்டா” என்று மூக்கை உறிஞ்சினாள். நான் பாய்வதற்குள் தாத்தா பேசினாள்.

“அவருக்காக நான் நெறைய அழுதேன் மாமி, இன்னும் அழுவேன். ஆனா கண் அதுல போகல்ல. இருட்டில போனது, கண்ட குளிசையில போனது, ஒரு நாள் பிந்தினதில போனது. உம்மாக்கும் அப்பிடித்தான். பாசம் என்டு செல்லிச் செல்லித்தான் ஒருத்தரும் டொக்டர்ட கூட்டிப் போகல்ல.”

அதோடு விட்டாளா? அங்கேயே எங்கள் வழியில் தடித்த கண்ணாடி போட்ட ஒவ்வொருத்தியையும் தேடிப் பிடித்தாள். சின்னம்மாவின் மகள் ஜஹானா, அவளுடைய தங்கை, பெரியம்மாவின் மகள் ரபீகா. பள்ளிக்கூடம் இல்லாத நாளில், ஜீவன் ஓட்ட, வேனில் ஏற்றிக் கண்டிக்குக் கூட்டிப் போனாள். ரபீகாவுக்கு வழி ஒடுக்கம் என்று கண்டுபிடித்து, அவளுக்கும் துளை போட்டாகிவிட்டது.

மிச்சம் நான் ஒருத்திதான். சொந்தக்காரர் எல்லாரும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று டொக்டர் லோஜினி என் முகத்துக்கு நேரேயே சொல்லியிருந்தார். எனக்குப் பெருநாள் வியாபாரம் வந்தது, பிறகு கடைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டி வந்தது, பிறகு கலியாண சீசன் வந்தது. உண்மையைச் சொன்னால், பயம். ஊரையே வாயால் வெட்டுகிற எனக்கு, கண்ணுக்குள் லேசர் என்றால் ஓடி ஒளியத்தான் தோன்றும்.

போன சனிக்கிழமை பகல், கடை நிறையச் சனம், பக்கத்தில் என் கணவர் துணி வெட்டிக்கொண்டிருந்தார். வாசலில் வேன் வந்து நின்றது. தாத்தா இறங்கி, இடது கண்ணால் படியைப் பார்த்துப் பார்த்து ஏறி, நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

“வா.”

“தாத்தா, கடையப் பாருங்க! சனம் நிக்கிது. எனக்கி ஒரு வலியும் இல்ல. இவரும் நல்ல சொகமா இரிக்கிறார். இப்ப என்ன அவசரம்?”

“அதுதான் அவசரம்” என்றாள். துணி வாங்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. “இவர் சொகமா இரிக்கக்குள்ளயே வா. நாளைக்கி இவர் மௌத்தாகி ஒன்ட கண்ணும் போனா, ஊருச் சனம் அதையும் பாசக் கணக்கில போட்டுரும். அழ வேண்டி வந்தா அழு, மஸீனா. ரெண்டு கண்ணாலயும் அழு. கண்ணக் குடுக்காத.”

என் கணவர் வெட்டிக்கொண்டிருந்த துணியைப் பாதியில் விட்டு, கத்தரிக்கோலை வைத்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து என் கைப்பையை எடுத்து நீட்டினார்.

“போய்ட்டு வா” என்றார். “நான் எங்கயும் போகல்ல.”